பாட்டுக்காரியைப் பின்னுக்கு இழுத்தவன்

"இடுப்பு இல்ல, தோளு!" என்று லெட்டி ஈர விரிப்பைக் கல்தொட்டியில் ஓங்கி அறைந்தாள். "எத்தனை வாட்டி சொல்றது? தோளு. இதோ, இந்த இடம். இடுப்பு எங்க இருக்கு, தோளு எங்க இருக்குன்னே தெரியாத ஜென்மங்ககிட்ட நான் என்னத்தைப் பேசி என்னத்தை விளங்க வைக்கிறது?"

"தோளுல இருந்து இடுப்புக்கு வர டிராம் வண்டியா பிடிக்கணும், கண்ணு?" என்றாள் மிஸஸ் ஸ்க்ரைவன்.

துணி பிழியும் உருளைகளைச் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். வால்வொர்த்தின் பொதுச் சலவைக்கூடத்தில் துணி வெளுக்கிறதோ இல்லையோ, அடுத்த வீட்டு மானம் நன்றாக வெளுக்கும். அதிலும் டாபின் தெருக்காரிகள் மூட்டையோடு வந்து இறங்கும் திங்கட்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம்.

"சண்டைக்குப் போக வேண்டிய ஆம்பளை" என்று மிஸஸ் ஸ்க்ரைவன் தொடர்ந்தாள், "கதவைச் சாத்திக்கிட்டு ஒரு அறைக்குள்ள சீமாட்டிகளைப் பிடிச்சு முன்னால தள்ளுறதும் பின்னால இழுக்குறதுமா நிக்கிறான். அதுக்கு வாராவாரம் சம்பளம் வேற! எங்க வீட்டுக்காரரு அந்த வேலையை ஓசியிலயே பார்ப்பாரே!"

"பார்ப்பாரு, பார்ப்பாரு. அவரு கை என்னென்ன வேலை பார்க்கும்னு மீன்கடைக்காரிதான் கதை கதையா சொல்றாளே."

இப்போது சிரிப்பு திசை மாறியது. மிஸஸ் ஸ்க்ரைவனின் முகம் அவித்த இறால் நிறத்துக்கு வந்தது. ஆனாலும் அவள் விடுகிற ஆளா? ஜெர்மன்காரனோடு சண்டை மூண்ட அன்றே ஜன்னலில் கொடி கட்டியவள். தெருமுனை ஜெர்மன் பேக்கரியில் பிள்ளைப் பருவத்திலிருந்து ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு, அந்தக் கடையின் கண்ணாடி உடைந்த அன்று கல் பொறுக்கிக் கொடுத்தவள். அவளுடைய தேசபக்தி அந்த மட்டில்தான் இருந்தது. கல்லை எறிந்தவன் அடுத்த வீட்டுக்காரன். இவள் பொறுக்கித்தான் கொடுத்தாள்.

"நீ நேருல பார்த்திருக்கியா, லெட்டி?" என்று அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பரிவோடு கேட்டாள். அந்தப் பரிவை நாய்க்குப் போட்டால் நாய் செத்துப்போகும். "அவன் எங்க பிடிக்கிறான்னு உன் கண்ணால பார்த்திருக்கியா?"

லெட்டி பார்த்ததில்லை. வாய் நிறைய பதில் வைத்திருந்தவள், அந்த ஒரு கேள்விக்கு விரிப்பைப் பிழிவதுபோல் குனிந்துகொண்டாள்.

லெட்டியின் புருஷன் ஹொரேஸ் டிட்மார்ஷைப் பற்றி டாபின் தெருவில் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடக் கூடாது. முதலில் அவன் யார் என்று தெரிய வேண்டும். அவன் பியானோ தூக்குகிறவனாக இருந்தவன். சீமான்கள் வீடு மாறினால் பியானோவை முதுகில் வாரைக் கட்டி, குறுகிய மாடிப்படிகளில் ஒரு கீறல் விழாமல் இறக்குவான். அடி மேல் அடி வைத்து, கூட வருகிறவனின் மூச்சைக் கேட்டு, அதற்கேற்ப எடையை மாற்றிக்கொள்வான். ஒரு நாள் கூட வந்தவன் குடித்துவிட்டு வந்திருந்தான். படியில் கால் வழுக்கி அவன் கையை விட, முழுப் பியானோவும் ஹொரேஸின் முதுகில் இறங்கியது. பியானோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரச் சீமாட்டி மெழுகுவர்த்தியோடு ஓடிவந்து பியானோவைத் தடவிப் பார்த்து, "நல்ல வேளை" என்றாளாம்.

அதற்குப் பிறகு அவனால் நேராக நிமிர முடிந்ததில்லை. எப்போதும் யாருக்கோ வழி விடுகிறவன்போல் ஒரு பக்கம் சாய்ந்தேதான் நிற்பான். பட்டாளத்தில் ஆள் சேர்க்கிற டாக்டர் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். இதெல்லாம் தெருவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேசினார்கள்.

பிறகு இசைத்தட்டு எடுக்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. அந்தக் காலத்துத் தட்டு எப்படி எடுத்தார்கள் என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். மின்சாரமும் இல்லை, ஒன்றும் இல்லை. சுவரில் ஒரு பெரிய தகரக் குழாய் வாயைப் பிளந்துகொண்டு நீட்டியிருக்கும். அதற்குள் பாட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம், குழாயின் வாலில் ஒரு ஊசி. பாடுகிற சத்தத்துக்கு அது நடுங்கி, சுழலும் மெழுகுத்தட்டில் கோடு கீறும். சத்தம் குறைந்தால் ஊசிக்குக் காது கேட்காது. அதிகமானால் ஊசி துள்ளிவிடும், மெழுகு பாழ். அதனால் தாழ்ந்த குரல் வரும்போது பாட்டுக்காரியைக் குழாயின் வாய்க்குள் கொண்டுபோக வேண்டும், உச்சிக்குப் போகும்போது பின்னால் இழுக்க வேண்டும். எந்தப் பாட்டுக்காரி பாடிக்கொண்டே தன்னைத்தானே இழுத்துக்கொள்வாள்? அதற்கென்று பின்னால் ஓர் ஆள் நிற்பான். அந்த ஆள்தான் ஹொரேஸ். பியானோவோடு ஏறி இறங்கியவனுக்கு அது கஷ்டமாக இல்லை.

அன்று மாலை ஹொரேஸ் புகைபோட்ட மீனைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தபோது, லெட்டி அவன் எதிரே உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்தாள்.

"அந்தப் பொம்பளை எப்படி இருப்பா?"

"எந்தப் பொம்பளை?"

"நீ பிடிக்கிற பொம்பளை."

"மிஸ் ப்ரோதெரோவா? எனக்கு அவங்க பிடரி மட்டுந்தான் தெரியும், லெட்டி. முகத்தைப் பார்த்து எனக்கு என்ன ஆகணும்?"

"பிடரி எப்படி இருக்கும்?"

புத்தியுள்ள புருஷனாக இருந்தால் "ஞாபகமில்லை" என்று சொல்லியிருப்பான். ஹொரேஸ் உண்மை பேசுகிறவன். மீனைக் கீழே வைத்துவிட்டு யோசித்துச் சொன்னான்: "நல்ல பிடரி. உச்சிக்குப் போறதுக்கு முன்னால இந்த இடத்துல ஒரு நரம்பு இறுகும் பாரு, அப்போ நான் இழுக்கணும். அவங்க உடம்பைத் தளர்த்தி அப்படியே என் கையில சாஞ்சிடுவாங்க."

லெட்டி மீன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கலையே!"

"சாஞ்சிடுவாங்களாமே. போய் அவங்க வீட்டுலயே சாப்பிடு."

மறுநாள் கம்பெனியில் ஒரு பெரிய நாள். 'தீவின் வாள்' பாட்டைத் தட்டில் பிடிக்க, அதை இயற்றிய சர் ஆம்ப்ரோஸ் வெதரால் தாமே வந்து வாத்தியக்காரர்களை நடத்தப்போகிறார் என்று ஹொரேஸ் போன வாரமே சொல்லியிருந்தான்.

இந்த சர் ஆம்ப்ரோஸைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரோ ஒரு கோமானின் தோட்டத்து விருந்துக்கு அவர் ஒரு அணிவகுப்பு இசை எழுதினார். வருஷக்கணக்கில் அதை யாரும் சீண்டவில்லை. சண்டை வந்ததும் இன்னொரு கோமான் அதன் நடுப்பகுதிக்கு வரிகள் போட்டான். வாள், கடல், பாட்டன் பூட்டன் ரத்தம், கடைசியில் உச்சஸ்வரத்தில் இழுத்து ஒரு 'இங்கிலாந்து'. அவ்வளவுதான், ஊர் பைத்தியமானது. நாடகக் கொட்டகைகளில் அந்த இசை எழும்பினால் ஜனங்கள் எழுந்து தொப்பியைக் கழற்றி விறைத்து நிற்பார்கள். உட்கார்ந்திருப்பவன் தலையில் ஆரஞ்சுத் தோல் விழும். எழுந்து நின்ற பையன்கள் பலர் அந்தச் சூட்டோடு நடந்து, வாசலில் காத்திருந்த சார்ஜண்டிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். சர் ஆம்ப்ரோஸும் தம் இருக்கையில் எழுந்து நிற்பார். பிறகு உட்கார்ந்துகொள்வார்.

அந்தப் பாட்டுக்கு ஏற்கெனவே தட்டுகள் வந்திருந்தன. முதல் தட்டைக் கடற்கரையூர் ஊதுகுழல் கோஷ்டி ஒன்று எடுத்தது. மெழுகு தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் அவர்கள் வாசித்த வேகத்துக்கு அணிவகுத்தால் சிப்பாய்கள் ஓடித்தான் போக வேண்டும். அப்படியும் கடைசி வரி விழுவதற்குள் தட்டு தீர்ந்தது. அடுத்ததை ஜலதோஷம் பிடித்த ஒருவன் பாடினான். அதில் இங்கிலாந்துக்கே மூக்கு அடைத்திருந்தது. ஆகவேதான் வருங்காலத் தலைமுறைக்குச் சரியான தட்டை விட்டுப்போக சர் ஆம்ப்ரோஸ் கிளம்பி வந்தார். வருங்காலத் தலைமுறை கேட்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை.

காலையில் ஹொரேஸ் வேலைக்குப் போன பிறகு, லெட்டி பட்டாணிக் கூழும் ஈரல் உருண்டையும் கிண்ணத்தில் வைத்துத் துணியால் கட்டினாள். மதியச் சாப்பாடு என்று பெயர். உண்மையில் மிஸஸ் ஸ்க்ரைவன் கேட்ட கேள்வி அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. புருஷனுக்காக ஊரோடு சண்டை போடுவது ஒன்று. அந்தச் சண்டையில் தான் சொல்வது நிஜந்தானா என்று தெரியாமல் இருப்பது வேறு.

கம்பெனியின் மாடியில் மெழுகுக்காரர் கிம்பர் அவளை வாசலிலேயே மறித்தார். எந்நேரமும் வயிற்றுவலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் மனிதர். குழாய்க்குப் பின்னாலுள்ள இயந்திரம் அவருடைய பொறுப்பு.

"டிட்மார்ஷ் வீட்டம்மாவா? அந்த மூலையில உட்காருங்க. மணி அடிச்ச பிறகு மறுபடி மணி அடிக்கிற வரைக்கும் தும்மக் கூடாது, இருமக் கூடாது, நாற்காலியில அசையக் கூடாது. ஒரு சின்னச் சத்தம் விழுந்தாலும் மெழுகு போச்சு. விளங்குதா?"

"நான் மூச்சு விடலாமா, ஐயா?"

"மெதுவா."

வாத்தியக்காரர்கள் கோழிகள்போல உயரமும் தாழ்வுமாக ஸ்டூல்களில் அடைந்திருந்தார்கள். பாதிப் பேருக்குக் குழாயின் பக்கம் முதுகு. அவர்கள் முன்னால் கண்ணாடி மாட்டியிருந்தது, நடத்துகிறவரின் கை அதில் தெரிய வேண்டுமாம். லெட்டி இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அவள் கண் மிஸ் கெயின்வென் ப்ரோதெரோவைத் தேடியது.

கண்டாள். ஐம்பதைத் தாண்டியவள். வேல்ஸ் நாட்டுக் கல்லுடைக்கிறவன் மகள். பீப்பாயைப் போன்ற உடம்பு, கால் பெருவிரல் புடைப்புக்காக ஓரம் வெட்டிய ஆண்பிள்ளைச் செருப்பு, மார்பில் ஆட்டுக்கொழுப்பு மருந்தின் வாடை. அந்த வாடை மூலை வரைக்கும் வந்தது.

"இவங்கதானா?" என்றாள் லெட்டி.

"இவங்கதான்" என்றான் ஹொரேஸ். அவள் ஏன் வந்தாள் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. காது மடல் சிவந்தது.

மிஸ் ப்ரோதெரோ திரும்பி லெட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மணி, உங்க வீட்டுக்காரரு கை ரெண்டும் எனக்கு தொண்டை மாதிரி. இவருக்கு முன்னால இருந்தவன் என்னை மாவுமூட்டைய இழுக்கிற மாதிரி இழுப்பான், தோளெல்லாம் நீலம் பாரிச்சுப் போகும். அவன் கைக்குப் பயந்துக்கிட்டே பாடினா குரல் எங்கே வரும்? கம்பெனிக்காரங்களும் என்னை வயசாச்சுன்னு கழிச்சுக் கட்டத்தான் பார்த்தாங்க. இன்னிக்கு இது சரியா வரலைன்னா நான் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்."

"வரும்மா. ஏன் வராது?" என்றாள் லெட்டி. தொண்டையிலிருந்த முள் இறங்கிவிட்டது. தன் புருஷனைப்பற்றிச் சந்தேகப்பட்ட வெட்கத்தில், அந்தக் கிழவியின் மேல் அவளுக்குத் திடீரென்று ஒரு பாசமே வந்தது.

சர் ஆம்ப்ரோஸ் ரோமக் காலர் கோட்டோடு வந்தார். பின்னாலேயே பத்திரிகைக்காரன் ஒருவன். வாத்தியக்காரர்கள் வணங்கினார்கள். சர் ஆம்ப்ரோஸ் பாட்டை ஆரம்பிப்பதற்குப் பதிலாகப் பேச ஆரம்பித்தார்.

"கனவான்களே! இந்தப் பாட்டு ஒலிக்கும்போது இந்த நாட்டுல எந்தக் கொட்டகையிலயும் யாரும் உட்கார்றதில்ல. கடைசி அடி வரும்போது கையைப் பக்கத்துல வெச்சு நிமிர்ந்து நிக்கிறாங்க. பாட்டு பிறக்கிற இந்த அறையில மட்டும் அந்த மரியாதை இல்லாம போகலாமா?" பத்திரிகைக்காரன் எழுதிக்கொள்கிறானா என்று ஒரு பார்வை பார்த்தார். "எல்லாரும் எழுந்து நிக்கணும்."

கிம்பர் ஓடிவந்தார். "ஐயா, வாசிக்கிறவங்க எழுந்தா சத்தமெல்லாம் குழாய்க்கு மேல போயிடுமே!"

"சரி. கையில வாத்தியம் இருக்கிறவங்க உட்கார்ந்து தொலைக்கட்டும். மத்தவங்க நிக்கட்டும்." அவர் பார்வை அறையைச் சுற்றி வந்து ஹொரேஸிடம் நின்றது. "நீ யாரு? உன் கையில வாத்தியம் இல்லையே?"

"நான்தான் அவரு வாத்தியம்!" என்றாள் மிஸ் ப்ரோதெரோ.

வாத்தியக்காரர்கள் ஸ்டூல் ஆடும்படி சிரித்தார்கள். சர் ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை.

"கடைசி அடி வரும்போது அந்தப் பெண்மணியை விட்டுட்டு நிமிர்ந்து நில்லு. இங்கிலாந்தோட பேரை உச்சரிக்கும்போது ஒருத்தரைப் பின்னால இழுக்கிறதா? அவமானம்!"

ஹொரேஸ் கிம்பரைப் பார்த்தான். கிம்பர் தரையைப் பார்த்தார். ஹொரேஸும் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன்தானே. கொட்டகையில் அந்தப் பாட்டுக்கு எல்லோரோடும் எழுந்து நின்றவன்தான். கோட்டுப் போட்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மணி அடித்தது. பாட்டு தொடங்கியது. தாழ்ந்த வரிகளில் ஹொரேஸ் மிஸ் ப்ரோதெரோவின் தோள்களைத் தொட்டு மெல்லக் குழாய்க்குள் கொண்டுபோனான். நடு வரிகளில் அரையடி பின்னால். லெட்டி வாயைப் பிளந்து பார்த்தாள். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிறவனின் கை அது. இப்படியொரு கையைப் பற்றித்தான் சலவைக்கூடத்தில் அத்தனை அழுக்கைக் கொட்டினார்கள்.

கடைசி அடி வந்தது. ஹொரேஸ் கையை எடுத்தான். எடுத்து, ஒதுங்கி, கோணல் முதுகை முடிந்த மட்டும் நேராக்கி, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி நின்றான். மிஸ் ப்ரோதெரோ உச்சஸ்வரத்துக்கு மூச்சை இழுத்து, பழக்கதோஷத்தில் உடம்பைத் தளர்த்திப் பின்னால் சாய்ந்தாள். அங்கே கை இல்லை. "இங்கிலா" வரைக்கும்தான் பாட்டில் வந்தது. மிச்சம் "ஐயையோ" என்று வந்தது. விழாமல் இருக்க அவள் குழாயைப் பிடிக்க, குழாய் அலறியது. பின்னாலிருந்த கொம்பு வாத்தியக்காரன் முதுகில் அவள் பாதி சரிந்தாள்.

மெழுகு பாழ். கிம்பர் அதைப் போட்டுக் காட்டினார். ஊசி துள்ளியதும், தகரம் அதிர்ந்ததும், கொம்புக்காரன் இங்கிலாந்தின் பெயரோடு சேர்த்துச் சொன்ன ஒரு கெட்ட வார்த்தையும் ஒன்று விடாமல் கேட்டது. பத்திரிகைக்காரன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"இந்த அம்மாவுக்குத் தன் கால்ல நிக்கத் தெரியாதா?" என்றார் சர் ஆம்ப்ரோஸ். "இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் இப்படின்னா வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க. இளசா, கால் உறுதியா இருக்கிற ஆளா."

தப்பு அவருடையது என்பது அவர் மண்டைக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. உலகத்தில் மெழுகுக்கு ஒரு விதி, ஊசிக்கு ஒரு விதி உண்டு. சர் பட்டத்துக்கு எந்த விதியும் இல்லை.

கிம்பர் ஹொரேஸை மூலைக்கு, லெட்டி இருந்த இடத்துக்கே இழுத்து வந்தார். "தம்பி, அவரு சொல்றபடி நில்லு. அவங்க பாட்டைக் கெடுத்துக்கிட்டா அது அவங்க தலைவிதி. கம்பெனிக்கு இவரு பேரு வேணும். நீ அடம் பிடிச்சா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"நான் விட்டா அவங்க விழுந்துடுவாங்களே, ஐயா."

"அவங்களை விட்டுத்தள்ளு. நீ விழாம இரு."

கிம்பர் போய்விட்டார். ஹொரேஸ் லெட்டியைப் பார்த்தான். அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா? இந்த வேலை போனால் வேறு வேலை கிடையாது. பியானோ தூக்க முதுகு இல்லை. பட்டாளமும் எடுக்காது. பட்டாளச் சட்டைக்குப் பித்தான் தைத்து அவள் கொண்டுவருவது அடுப்புக் கரிக்கே போதாது. அதைவிட, இந்த இடத்திலிருந்து துரத்தப்பட்டால் டாபின் தெரு என்ன சொல்லும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தத் தெருவுக்கு ஒரு துண்டுக் கந்தல் போதும், கோட்டே தைத்துவிடும்.

"என்ன செய்யட்டும், லெட்டி?"

"என்னைக் கேட்காத. நான் சாப்பாடு கொடுக்க வந்தவ" என்றாள். மிஸ் ப்ரோதெரோ சுவரோரம் நின்று மருந்து மிட்டாய் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள். லெட்டி அவளைப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் எரிந்து விழுந்தாள்: "பியானோவையே கீழே போடாதவன் நீ. இதை என்கிட்ட வந்து கேட்கிறியாக்கும்!"

இரண்டாவது மெழுகு. மணி அடித்தது. இனிமேல் யாரும் வாயைத் திறக்க முடியாது.

கடைசி அடி நெருங்கியபோது பத்திரிகைக்காரன் எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். வாசலில் நின்ற கம்பெனிக் கணக்கர் விறைத்தார். லெட்டியும் எழுந்திருக்க வேண்டும். அவள் எழவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்து, முழங்காலைச் சேர்த்து, சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். சர் ஆம்ப்ரோஸ் அவளைப் பார்த்துவிட்டார். அவர் புருவம் ஏறியது. பிறகு ஹொரேஸைப் பார்த்தார். ஹொரேஸின் கைகள் மிஸ் ப்ரோதெரோவின் தோளிலேயே இருந்தன.

என்ன செய்வார்? கத்தினால் மெழுகு போய்விடும். நிறுத்தினால் வருங்காலத் தலைமுறை போய்விடும். கோலை வீசிக்கொண்டே அவர் கண்ணாலும் மூக்காலும் தாடையாலும் ஹொரேஸைத் திட்டினார். கண்ணாடியில் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்த கொம்புக்காரர்கள் அந்த முகத்தையும் பார்த்தார்கள், சிரிப்பை அடக்க முடியாமல் கன்னம் வீங்கினார்கள். முகம் முள்ளங்கியாகி, பீட்ரூட்டாகி, பிறகு பெயர் தெரியாத ஒரு நிறமாகியது. ஹொரேஸ் அதைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பிடரி மட்டும்தான் தெரிந்தது. நரம்பு இறுகியது. இழுத்தான். அவள் சாய்ந்தாள். அந்த ஸ்வரம் அவள் தொண்டையிலிருந்து எழுந்து, குழாய்க்குள் போய், ஊசியை ஒரு மயிரிழை கூடத் துள்ளவிடாமல் நின்றது, நின்றது, நின்று அடங்கியது.

மணி அடித்தது. கிம்பர் உள்ளேயிருந்து தலையை நீட்டினார். வயிற்றுவலி முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு. "அற்புதம்! இதைவிடச் சுத்தமா மெழுகுல விழுந்ததே இல்லை!"

அந்தத் தட்டைத்தான் பிறகு ஊரெல்லாம் வாங்கியது. மிஸஸ் ஸ்க்ரைவனும் வாங்கினாள். ஜன்னலைத் திறந்துவைத்து, தெருவே கேட்கும்படி கிராமபோனில் போடுவாள். கடைசி அடிக்கு வெறும் காலோடு விறைத்து நிற்பாள். நின்றபடியே எதிர்வீட்டுக்காரியிடம், "அந்த டிட்மார்ஷ் பயலைச் சீமாட்டி மேல கை வெச்சதுக்காகத் துரத்திட்டாங்களாம்" என்பாள். அவன் கை வைத்ததால்தான் அவள் காதில் அந்தப் பாட்டு விழுகிறது என்று அந்த மூளைக்கு யார் எடுத்துச் சொல்வது? லெட்டி சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். அவர்கள் சொல்கிறதைச் சொல்லிக்கொண்டு கிடக்கட்டும். அன்று அந்த அறையில் நடந்தது இதுதான்:

"வெளியே போ!" என்று சர் ஆம்ப்ரோஸ் கத்தினார். இத்தனை நேரம் அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்ததில் குரல் கீச்சென்று உடைந்தது. "இங்கிலாந்தை அவமதிச்சவன் இந்த அறையில இருக்கக் கூடாது!"

கிம்பர் நடுவில் புகுந்தார். மெழுகு நன்றாக வந்திருக்கிறது, டிட்மார்ஷ் நல்லவன், முதுகு சரியில்லாதவன், தெரியாமல் செய்துவிட்டான் என்று மன்றாடினார். மெழுகு நன்றாக வந்திருக்கிறது என்ற வார்த்தை மட்டும் சர் ஆம்ப்ரோஸின் காதில் ஏறியது. அவர் காலரைச் சரிசெய்துகொண்டார். பத்திரிகைக்காரனின் பென்சிலையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"சரி. நான் பெருந்தன்மையா விடுறேன். வாத்தியக்காரங்க கடைசி அடியை இன்னொரு தடவை வாசிப்பாங்க. இந்த ஆளு இங்க, எல்லாருக்கும் முன்னால, தனியா நிமிர்ந்து நிக்கட்டும். மூலையில உட்கார்ந்திருந்த அந்தப் பொம்பளையும் கூட நிக்கட்டும். அதோட மறந்துடலாம்."

கிம்பர் ஹொரேஸின் காதருகே, "நில்லுப்பா. ரெண்டு நிமிஷம். வேலை மிஞ்சும்" என்றார்.

மிஸ் ப்ரோதெரோ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வாத்தியக்காரர்கள் வாத்தியத்தை வாயருகே கொண்டுபோகாமல் ஹொரேஸையே பார்த்தார்கள். லெட்டி நாற்காலியை விட்டு எழவில்லை.

ஹொரேஸ் ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்தான். ஒரு பக்கம் சாய்ந்த தோளுக்கு அதை மாட்டிக்கொள்ள அவனுக்கு எப்போதும் நேரமாகும். யாரும் உதவவில்லை, அவனும் கேட்கவில்லை. பித்தான்களைப் போட்டுக்கொண்டு சொன்னான்:

"எனக்கு முதுகு சரியில்லைங்க, ஐயா. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் நிமிர முடியும். இன்னிக்கு உங்களுக்காக நிமிர்ந்தாச்சு. அதுல என்ன ஆச்சுன்னு நீங்களே கேட்டீங்க."

கொம்புக்காரன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான், பொத்தியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. சர் ஆம்ப்ரோஸ் கோலால் மேசையைத் தட்டினார். ஹொரேஸ் மிஸ் ப்ரோதெரோவுக்குத் தலையசைத்தான். அதுவரை அவன் முகத்தை நேராகப் பார்த்திராத அவள் இப்போது நன்றாகப் பார்த்தாள், பார்த்துத் தன் ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னாள். ஆசீர்வாதமா, சர் ஆம்ப்ரோஸுக்கான சாபமா, யாருக்குத் தெரியும்.

"வா, லெட்டி. கூழ் ஆறிடப் போகுது" என்று சொல்லிவிட்டு, சர் ஆம்ப்ரோஸுக்கு முன்னாலேயே தொப்பியைத் தலையில் வைத்து அழுத்திக்கொண்டு, ஹொரேஸ் கதவைத் திறந்து வெளியே நடந்தான்.